அக்காவுக்கு ஆகாத படலம்

இடுக்கியின் முனை தட்டின் அடியைத் தொடாமல் திரவத்துக்குள் இறங்கியது. கையுறை மாட்டிய விரல்கள் அவசரப்படவில்லை. தட்டில் ஒட்டி வளர்ந்திருந்த பழுப்புப் படலத்தை ஏற்கெனவே அளவாக வெட்டியாகிவிட்டது. இனி அதை மடங்கவிடாமல் சின்னக் குழலுக்குள் இழுக்க வேண்டும். வெங்காயத் தோலைவிட மெல்லியது. ஓரம் சுருண்டால் மாதக்கணக்கில் பார்த்த வேலை பாழ்.

கண்ணில் இந்தப் படலம் கெட்டுப்போன ஒரு பள்ளி ஆசிரியரின் தோலில் அவள் துணுக்கு எடுத்து, அதிலிருந்த செல்களை எதுவாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்களாகத் திருப்பி, அவற்றை விழித்திரையின் அடிப்படலமாக வளர்த்திருந்தாள். அந்த வழியை முதன்முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

அது சும்மா வந்துவிடவில்லை. செல்களுக்கு ஞாயிறு கிடையாது. ஊட்டத் திரவம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பினால் பசி என்று அர்த்தம். உடனே மாற்ற வேண்டும். மாற்றி மாற்றியே தலை நரைத்தது. அக்கா மகளின் கல்யாணத்துக்குக்கூடப் பந்தி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாள். "என்ன குட்டி, உன் பிள்ளைங்களுக்கு ஊட்டிட்டு வந்தியா?" என்று அக்கா அத்தனை பேர் முன்னால் கேட்க, மண்டபமே சிரித்தது.

அக்கா பேருந்து ஓட்டினாள். அம்மா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்தது அந்த ஸ்டியரிங்தான். பக்கவாட்டில் வரும் வண்டிகள் கண்ணில் படாமல் போனபோது கண் மருத்துவரிடம் போனாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து காப்பாற்றும், ஒரு நாளும் நிறுத்திவிடாதீர்கள் என்றார் மருத்துவர்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை வளர்த்த படலத்தைக் கண்ணில் வைத்துக்கொண்ட முதல் நோயாளி எழுத்துக் கூட்டிப் படித்தார். செய்தித்தாளில் அவள் படம் வந்தது. 'பார்வை இழந்தவர்களுக்குப் புதுக் கண்' என்று தலைப்பு. அடிப்படலம் கெட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னதை இடம் போதவில்லை என்று வெட்டிவிட்டார்கள். தொலைபேசியில் சண்டை போட்டாள். மறுநாள் உள்பக்கத்து மூலையில் நாலு வரித் திருத்தம் வந்தது. அதை யார் படிக்கிறார்கள்? மேடை மேடையாகக் கூப்பிட்டுப் பதக்கம் மாட்டினார்கள். முடிவெட்டும் கடையில் அவள் படத்தை ஒட்டினார்கள். தெருவில் கண் தெரியாத குழந்தைகளை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

வீடுகளுக்கு வயரிங் செய்யும் அத்தானும் அந்தத் தலைப்பை அப்படியே நம்பினார். சொட்டு மருந்து விட்டால் அக்காவுக்குக் கண் எரியும். "உன் தங்கச்சி புதுக் கண்ணே வளர்த்து வெச்சிருக்கா. நீ எதுக்கு இந்த எரிச்சலைத் தாங்கிக்கிட்டுக் கெடக்கறே?" என்றார். அக்காவும் மருந்தை நிறுத்திவிட்டாள். தங்கையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு கண்ணும் இருண்ட பிறகு ஒரு நாள் அக்கா வந்து உட்கார்ந்து, "சரி குட்டி, மாட்டி விடு" என்றாள். அப்போதுதான் தங்கைக்கு விஷயமே தெரிந்தது.

படலம் குழலுக்குள் போனது. குழலைப் பெட்டியில் வைத்து மூடி, அதை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். ஆய்வுக்கூடத்து நடையில் போட்டிருந்த நாற்காலிகளில் அக்காவும் அத்தானும் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா, ஒண்ணு கிழிஞ்சா உதவும்னு எப்பவும் ரெண்டு வளர்ப்பீங்களாமே? அந்த ரெண்டாவது சும்மாதானே கெடக்கு?" என்று அத்தான் எழுந்தார்.

"அது அந்த வாத்தியாரோட செல் அத்தான்."

"அப்ப உங்க அக்கா தோலை எடுத்துக்க. பத்தலைன்னா என்னோடதை உரிச்சுக்க."

"தோல் பிரச்சினையே இல்லை. அக்காவுக்கு இந்தப் படலம் கெடவே இல்லை. நரம்புதான் போச்சு. கண்ணுலேர்ந்து மூளை வரைக்கும் நரம்பை வளர்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது."

"வெச்சுத்தான் பாரேன். என்ன கெட்டுடும்?"

அக்கா கணவரின் சட்டையைத் தடவிப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, பல்பு நல்லாருக்கு, வயர்தான் எரிஞ்சு போச்சுங்கறா. நீங்க பல்பை மாத்து, பல்பை மாத்துன்னு நிக்கறீங்க. இந்த லட்சணத்துலதான் ஊருக்கு வயரிங் பண்றீங்களா?"

"வயர் போனா நான் புதுசா இழுப்பேன்டி. செவுத்தை ஒடைச்சாவது இழுப்பேன்" என்றார் அத்தான்.

தங்கை பெட்டியைப் பிடித்தபடி நின்றாள்.

பெட்டியை வாங்கிப்போக மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர் படியேறி வந்தார். நாற்காலியில் இருந்த அக்காவின் முகத்தையும், எங்கோ பார்க்கும் கண்களையும் கவனித்தார்.

"இவங்க உங்க அக்காவா மேடம்? முகம் அப்படியே இருக்கு" என்றார் சந்தோஷமாக. "அடுத்தது இவங்களுக்கா? வீட்டுலயே நீங்க இருக்கீங்க. குடுத்து வெச்சவங்க."

அக்கா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிப் புன்னகைத்தாள். அத்தான் சுவரைப் பார்த்தார்.

"சாய்க்காம, தட்டையாப் பிடிங்க. வண்டியில மடியிலேயே வெச்சுக்கங்க" என்று சொல்லி, அவள் பெட்டியைச் செவிலியரின் கைகளில் வைத்தாள்.