நெரிசலைப் பார்க்க வந்தவர்

டிப்போவில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். அவர் ஓட்டும் பஸ் ஆஸ்பத்திரி நிறுத்தத்தைத் தாண்டுவதைப் பார்த்துத்தான் எதிரே தையற்காரர் கடை திறப்பார். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெயருக்கு நெடுஞ்சாலையால் கேடு வந்தது. நகருக்குள் நுழையும் இடத்தில் அகலச் சாலை திடீரென்று ஒரு பழைய பாலத்துக்குள் ஒடுங்கும். எதிரெதிரே இரண்டு லாரிகள் வந்தால் ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காலையில் அங்கே வண்டிகள் அடைத்துக்கொள்ள, கடிகாரம் தினமும் பிந்தியது. டிப்போ மேலாளர் முதலில் கேட்டார், பிறகு மெமோ கொடுத்தார். இனியும் தாமதமானால் வழித்தடத்திலிருந்து எடுத்து, பஸ் கழுவும் இடத்தில் வண்டி நகர்த்தப் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

"பேசாம பாலத்தைக் கழட்டிப் பையில போட்டுக்குங்கண்ணே," என்றார் கண்டக்டர்.

கடிகாரம் சிரிக்கவில்லை. விடுமுறை நாளில் சட்டமன்ற உறுப்பினரின் வாசலில் போய் நின்றார். உறுப்பினர் நன்றாகத்தான் பேசினார்.

"ரோட்டுக்குன்னு நிதி வந்திருக்கு. பாலத்தை அகலப்படுத்தறதா, ஊருக்கு வெளியே புறவழிச்சாலை போடறதான்னு நான்தான் முடிவு பண்ணணும். நேர்ல வந்து நெரிசலைப் பார்க்கறேன். பார்க்காம எதுக்கும் நான் சிபாரிசு பண்றதில்லை."

வீட்டில் இதைச் சொன்னபோது சந்தோஷத்தில் கடிகாரத்துக்குக் குரலே மாறியிருந்தது. மனைவி மட்டும், "பார்க்க வரேன்னாரா, சைரனோட வரேன்னாரா?" என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை.

வந்த அன்று புரிந்தது. உறுப்பினர் வருகிறார் என்றால் சாலையைக் காலி செய்து வைப்பது அங்கே வழக்கம். நெரிசலைப் பார்க்க வருகிறவருக்கு எதற்குக் காலிச் சாலை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போலீஸார் லாரிகளைச் சந்தைக்கு அருகிலேயே மடக்கினார்கள். கார்களைச் சந்துகளுக்குள் திருப்பினார்கள். பஸ்ஸை மட்டும் விட்டார்கள். பாலம் கழுவிவிட்டதுபோல் கிடந்தது. கைப்பிடிச் சுவரோரம் உறுப்பினர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

கடிகாரம் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடினார்.

"ஐயா, தினமும் இப்படி இருக்காதுங்க. லாரியெல்லாம் அங்க மடக்கி வச்சிருக்காங்க. விடச் சொல்லிட்டுக் கொஞ்சம் நில்லுங்க, போதும்."

"எனக்கு அடுத்து ஒரு திறப்பு விழா இருக்குப்பா. நடுப் பாலத்துல பஸ்ஸை நிறுத்தினா நெரிசல் வராம என்ன செய்யும்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நிதி புறவழிச்சாலைக்குப் போனது. அந்தப் பக்கம் வீடும் கிடையாது, கடையும் கிடையாது, பஸ் ஏற ஆளும் கிடையாது.

மேலாளர் அவரைக் கூப்பிட்டார். "அன்னைக்கு நடுவுல இறங்கி நின்னு பேசியும் நேரத்துக்கு வந்துட்டீங்களே. மனசு வச்சா முடியுது இல்ல?"

"அன்னைக்கு மாதிரி தினமும் ரோட்டைக் காலி பண்ணிக் கொடுங்க சார். தினமும் வரேன்."

"வாய் நீளுது உங்களுக்கு," என்றார் மேலாளர். வழித்தடம் கைவிட்டுப் போயிற்று. அதன் பிறகு அவர் ஈர வண்டிகளை முன்னும் பின்னுமாக நகர்த்தினார். கடிகாரம் என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அடித்திருப்பார்.

மழைக்கால மாலை ஒன்றில் அவர் தம் பழைய பஸ்ஸிலேயே பயணியாக வீடு திரும்பினார். பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் சைரன் கேட்டது.

"எம்.எல்.ஏ. வண்டிண்ணே," என்று எட்டிப் பார்த்தார் கண்டக்டர். "திடீர்னு கிளம்பிட்டார் போல. ஒரு போலீஸையும் காணோம்."

புது டிரைவர் பதறி ஸ்டியரிங்கை ஒடித்தார்.

"விடுப்பா. ஒதுங்க இடம் எங்க இருக்கு?" என்றார் கடிகாரம்.

உறுப்பினரே நனைந்துகொண்டு வந்து பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினார். "ஓரங்கட்டுப்பா வண்டியை."

கடிகாரம் சன்னலைத் திறந்தார். "கொஞ்சம் நில்லுங்கன்னு அன்னைக்குக் கேட்டேங்கய்யா. இன்னைக்கு நிக்கிறீங்க."

உறுப்பினர் அண்ணாந்து பார்த்தார். அடையாளம் தெரிந்ததற்கான குறி எதுவும் முகத்தில் இல்லை. திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கடிகாரத்துக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. பாலத்துக்கு வர வேண்டிய தார், ஆளில்லாத வெளியில் இன்னும் முடியாத புறவழிச்சாலையில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. சைரன் விடாமல் அலறியது. நகர்வதற்கு ஒரு சாண் இடமில்லை.