இரட்டைக்கால் ஏணி

மரம் ஏறத் தெரியாத நான், கொல்லிமலைக்காரர்களுக்கு மரம் ஏறப் பயிற்சி கொடுத்துச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில், மரங்களில் படர்ந்த மிளகைப் பறிக்க நாளுக்கு நாலணா கூலி. புது இரட்டைக்கால் ஏணியில் பயிற்சி பெற்றவர்களுக்கு ஆறணா. ஏணியைப் பற்றி ஒரு புத்தகம் முழுக்கப் படித்திருந்ததால் நான் ஆசிரியரானேன்.

தோட்டத்திலேயே கைதேர்ந்தவர் சடையன். கணுக்களில் கால் வைத்து ஒற்றை மூங்கிலில்தான் ஏறுவார்.

"மத்தவங்களை விட ரெண்டு கூடை கூடத்தானுங்க பறிக்கிறேன். ஆறணா போடுங்க சாமி," என்றார்.

"பயிற்சி இல்லாமல் கூலி உயராது," என்றேன்.

அவர் வீட்டில் ஐந்து வயிறு. துரையின் பங்களாவில், சமதளமான முற்றத்தில் மூன்று நாள் ஏறி இறங்கினார். தேறிவிட்டார் என்று கையெழுத்துப் போட்டேன். மறுநாள் சரிவில் ஏணியின் ஒரு கால் நழுவி, விழுந்தவருக்கு இடுப்பு முறிந்தது. ஆறணாக் கூலியை அவர் ஒருநாள்கூட வாங்கவில்லை. அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றும் விரல் கூசுகிறது.

பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வராமல், ஏணியில் ஏதோ குறை என்று முனகினேன்.

அவர் மனைவி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "ஏணி நல்ல ஏணிதானுங்க. எங்க மலைதான் சாஞ்சு கெடக்குது."