பனியில் சுடாத துப்பாக்கி

அன்னூரிலிருந்து கோவைக்கு நான் வேலைக்குப் போன காலைப் பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்காருவார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏறியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துப்பாக்கிக் குழாயைத் துடைப்பதுபோல் வெகுநேரம் துடைப்பார்.

ஒருநாள் கேட்டேன்: "நம்ம நாட்டு இன்சாஸ், ரஷ்யாக்காரனோட ஏ.கே. ரெண்டுல எதுங்க நல்ல துப்பாக்கி?"

"இன்சாஸ் குறி தப்பாதுங்க. ஆனா பனியில சிக்கிக்கும். ஏ.கே. குறி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், சேத்துல போட்டு எடுத்தாலும் சுடுமுங்க."

"அப்ப ஏ.கே.தானுங்க?"

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒருக்கா மலை மேல, மூடுபனிக்குள்ள யாரோ வந்தாங்க. சத்தம் போட்டேன், பதிலே இல்லீங்க. இன்சாஸை அமுத்தினேன். சிக்கிக்கிச்சு. கிட்ட வந்தா எங்க ஆளு ஒருத்தனுங்க, எனக்கு டீ கொண்டாறான்."

இப்போது நான் பைக்குக்கு மாறிவிட்டேன். மார்கழிக் குளிரில் அது கிளம்ப மறுக்கும்போது, திட்டுவதற்கு வாய் வருவதில்லை.