நாய்க்குட்டிக்கு அவித்த நெத்தலி

என் மனைவி இறந்த ஐந்தாம் நாள், நாய்க்குட்டியின் பின்னங்கால்கள் மடங்கின. எழுந்து நிற்கப் பார்த்தது, இரண்டு காலும் பக்கத்துக்கு ஒன்றாக வழுக்கிப் போனது, அப்படியே வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டது. குட்டிதானே, விளையாடுகிறது என்று நினைத்தேன். அந்த நாட்களில் நான் நினைத்த எதற்கும் மரியாதை கிடையாது.

குட்டியைக் கொண்டுவந்தது அவள். டயகமப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனவள், திரும்பும்போது துண்டில் சுற்றிய கறுப்புக் குட்டி ஒன்றோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

"இருக்கிற ரெண்டு பேருக்கே இடம் பத்தல. இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"நான் மலையிலருந்து வந்தாலும் நீங்க பெக்டரியிலதான் இருப்பீங்க. நான் யாரோட பேசுறது?" என்றாள்.

எங்கள் ஒரே மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். பன்னிரண்டு நாள் அவள் அந்தக் குட்டியோடு பேசினாள். பதின்மூன்றாம் நாள் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வந்தவர்கள் எல்லாம் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்டேன். மகனுக்கு அழுது அழுது குரல் போய்விட்டது. மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் கொழும்புக் கடைக்குத் திரும்பிப் போனான், பதினாறாம் நாள் கருமாதிக்கு வருகிறேன் என்றான். சரி என்றேன். அவன் போன பிறகு வாசலில் நின்றபடியே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. மழை நனைத்த பிறகுதான் உள்ளே வந்தேன்.

அக்கம்பக்கத்துச் சாப்பாடு நின்றதும் நானே அடுப்பு மூட்டினேன். எனக்குத் தெரிந்தது ரொட்டி ஒன்றுதான். கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு. எனக்கு இரண்டு, குட்டிக்கு ஒன்று. குட்டியின் ரொட்டியைப் பிய்த்து, சீனி போட்ட சாயத்தண்ணியில், அதுதான் பாலில்லாத தேத்தண்ணியில், ஊறவைத்துக் கொடுத்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பல் முளைக்கிற பிள்ளைக்கும் அதைத்தான் கொடுப்போம். நானும் அதைத் தின்று வளர்ந்தவன்தான். குட்டி தட்டை நக்கித் துடைத்தது. வயிறு பானை மாதிரி உப்பியது. நன்றாகத் தேறி வருகிறது என்று என் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஏழாம் நாள் அதால் நிற்கவே முடியவில்லை. படுத்தபடியே தட்டை முன்காலால் இழுத்துச் சாப்பிட்டது. முன்காலும் லேசாக வளைந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவள் போனதிலிருந்து எனக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சி அந்தப் பயம். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த கடைசி உயிர் அது. அதுவும் என் கையில் செத்துப்போனால் நான் யார் முகத்தில் விழிப்பது?

ஒன்பதாம் நாள் குட்டியைச் சந்தைப் பையில் வைத்து ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் பைக்குள் எட்டிப் பார்த்து, "இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா அண்ணே?" என்றான். மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை போட்டிருப்பேன். அன்றைக்குக் காசை மட்டும் நீட்டினேன்.

மிருக வைத்தியர் சிங்களவர். குட்டியின் கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு என்ன கொடுக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார். "தே தென்ன எபா" என்றார். தேத்தண்ணி கொடுக்காதே. பிறகு மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார். இது பிறப்பிலேயே பலம் குறைந்த குட்டி, வளர்கிற குட்டிக்கு எலும்பு பிடிக்க வேண்டும், ரொட்டியில் அது இல்லை, முட்டை கொடு, நெத்தலிக் கருவாட்டை உப்புப் போக ஊறவைத்து அவித்துச் சோற்றில் பிசைந்து கொடு, இன்னும் தாமதித்தால் கால் இப்படியே நின்றுவிடும், பிறகு தவழ்ந்துதான் திரியும். சுண்ணாம்புச் சத்து மருந்து ஒரு போத்தலும் எழுதிக் கொடுத்தார். கடையில் மருந்தும் நெத்தலியும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் மதினி நின்றார். என் அண்ணன் மனைவி, அடுத்த காம்பிராவில் இருப்பவர். வேலையிலிருந்து நின்றுவிட்டதால் நான் இல்லாத நேரத்தில் குட்டியைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். பையிலிருந்து வந்த வாசம் அவருக்குப் போதும்.

"என்ன தம்பி இது? பதினாறு முடியாம கவுச்சி உள்ள வரலாமா?"

"குட்டிக்கு மதினி. டாக்டர் சொன்னாரு."

"நாய்க்குன்னாலும் அடுப்பு ஒரே அடுப்புதானே. அவ வெளக்கு எரிஞ்சிக்கிட்டு இருக்கு. இன்னும் ஏழு நாள். பொறுக்க முடியாதா?"

வைத்தியர் சொன்னதை விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெம்பு இல்லை. எங்கள் லயத்தில் பாதி வீடு பங்காளி வீடு, எல்லாருக்கும் தீட்டு. மற்ற வீடுகளில் போய் நெத்தலி அவித்துத் தாருங்கள் என்று கேட்டால், கருமாதி முடியாதவன் கவுச்சி தேடி அலைகிறான் என்று பேச்சு கோயில் வரைக்கும் போகும். மருந்தை மட்டும் கொடுத்தேன். அன்றைக்கும் மறுநாளும் குட்டிக்கு வெறும் சோறுதான். அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

பதினோராம் நாள் நெத்தலியை ஒரு டின்னில் போட்டு, மூடி, வேலைக்குக் கொண்டுபோனேன்.

பெக்டரியில் நான் அடுப்புக்காரன். தேயிலையைக் காயவைக்கிற ட்ரையரின் அடுப்பை விறகு போட்டு எரிப்பது என் வேலை. தேயிலை எந்த வாசத்தையும் குடித்துவிடும் என்பது பெக்டரியில் கூட்டுகிறவளுக்குக்கூடத் தெரியும். அதனால்தான் மீன்கறிச் சோற்றை வெளியே உட்கார்ந்து சாப்பிடுகிறோம், தலைக்கு வாசனை எண்ணெய் வைத்து வந்தால் திருப்பி அனுப்புகிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்ததே நான்தான், அதுவும் திட்டித் திட்டி. அடுப்புப் பக்கத்துக் காற்றை விசிறி இழுத்து, சூடாக்கி, காய்கிற கொழுந்துக்குள் தள்ளும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே டின்னில் தண்ணீர் ஊற்றி அடுப்பு வாயோரத்தில் வைத்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நேரத்தில் என் மண்டைக்குள் தேயிலையே இல்லை. நெத்தலி வேக எவ்வளவு நேரம் ஆகும் என்பது மட்டும்தான் இருந்தது.

அரை மணி நேரத்தில், தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் வந்தார். அந்த வாரம்தான் வேறு தோட்டத்திலிருந்து மாறி வந்தவர், என் மகன் வயது. ட்ரையரிலிருந்து விழுந்த தூளை ஒரு கை அள்ளி, அதில் மூச்சை ஊதி, முகர்ந்து பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு நேராக என்னிடம் வந்து டின்னைப் பார்த்தார்.

"என்ன அண்ணே இது?"

"நெத்தலி ஐயா."

"எத்தன வருஷமா இங்க இருக்கீங்க?"

"இருபத்திரெண்டு."

"இருபத்திரெண்டு வருஷம் இருந்துட்டா இப்படிச் செய்றீங்க? யாருக்கு இது?"

"நாய்க்குட்டிக்கு. காலு மடங்கிப் போச்சு."

"அதை வீட்டுல அவிக்க வேண்டியதுதானே?"

"வீட்டுல தீட்டு."

"யாரு?"

அவருக்குத் தெரியாது. தெரியாமல்தான் கேட்டார். பதினொரு நாளாக எல்லாரும் வந்து என்னிடம் சொன்னார்களே தவிர, நான் என் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

"என் பொண்டாட்டி செத்துப் போயிட்டா ஐயா" என்றேன்.

அதைச் சொன்னதும் விறகுக் கட்டை மேல் உட்கார்ந்தேன். அழுதேன். அத்தனை பேருக்கு முன்னால், மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. டீமேக்கர் கெட்டுப்போன தூளைத் தனியாக ஒதுக்கச் சொன்னார். பிறகு சாக்கை மடித்துப் பிடித்து டின்னைத் தானே இறக்கி வெளியே வைத்துவிட்டு, "ஆறினதும் எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க" என்றார்.

வீட்டு வாசலுக்கு வெளியே, கூரைத் தகரச் சீட்டுக்குக் கீழே உட்கார்ந்து குட்டியின் தட்டில் சோற்றைப் போட்டு நெத்தலியைப் பிசைந்தேன். மதினி வந்து நின்றார். திட்டட்டும் என்று இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இப்படிப் பிசைஞ்சா முள்ளு தொண்டையில குத்தும் தம்பி. தலையக் கிள்ளிப் போடணும், நடு முள்ள உருவணும்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தம் செய்தார். சின்ன உருண்டையாக உருட்டிக் குட்டியின் வாய்க்கு அருகில் நீட்டினார். அது அவசர அவசரமாக விழுங்கியது. அடுத்த உருண்டைக்கு அவர் விரலை நக்கியது.

"நாளையிலருந்து நம்ம அடுப்புலயே வைக்கிறேன். யார் கேட்டாலும் கேக்கட்டும்" என்றார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் மதினி?"

அவர் கை நின்றது.

"அவதான் தெனமும் இப்படிச் செஞ்சு குடுப்பா. இந்த எடத்துலதான் உக்காருவா. நீங்க சாப்புட்டு எந்திரிச்ச பெறகு, ஒங்க முன்னாலயேதான் தம்பி."