ளகரத்துக்கு ஆன செலவு

அக்டோபர் 28, காலை பத்து மணி இருபத்திரண்டு நிமிடம். விடியலில் பெய்த மழை விட்டிருந்தது. துறைமுகப் பக்கமிருந்து ஈரக்காற்று. மூன்று வருடங்களுக்கு முன் என் குறிப்பேட்டில் எழுதிய இந்தக் குறிப்புக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கிறது. '2 வேலை' என்று அச்சிட்டது.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பல் சரக்கை எண்ணியவன் நான். ஓய்வு பெற்ற பின் எண்ண ஒன்றும் இல்லாமல், ரத்த அழுத்த மாத்திரை வாங்கப்போகும் மருந்துக்கடையில் ஆட்களை எண்ணத் தொடங்கினேன். கடையை நடத்திய மருந்தாளுநர் அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மாத்திரையைக் கொடுத்ததும் ஆளை விடமாட்டார். "இத எப்பம் போடுவிய? சொல்லுங்க பாப்பம்" என்று ஒவ்வொருவரையும் ஒப்பிக்க வைப்பார். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட புதுக்கடை வந்திருந்த நேரம் அது. இங்கே வரிசையைப் பார்த்துவிட்டு, ஒரே காலையில் பதினொரு பேர் அங்கே போனதை எண்ணினேன். இந்தக் கடை மூடிவிடுமோ என்று எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அந்த அம்மா நன்றாகத்தான் தூங்கினார்.

பன்னிரண்டு காலைகள் கடை பெஞ்சில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். சீட்டு வாசிக்க, மாத்திரை எடுக்க, கவரில் எழுத, கேள்வி கேட்க, பில் போட என்று ஐந்து வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி ஆகிறது என்று எழுதி, கட்டம் போட்ட தாளில் கடையையே ஒரு கணக்காக மாற்றிவிட்டேன். கையால் எழுதுவதற்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டி, கேள்வியையும் நிறுத்தினால், ஒன்பது பேர் நிற்கும் வரிசை நான்காகும் என்றது கணக்கு. கேள்விக்கு மட்டும் சராசரி ஐம்பத்திரண்டு நொடி.

"ஸ்டிக்கர ஒட்டுங்க அண்ணாச்சி. கேள்விய நிறுத்த எனக்கு மனசில்ல" என்றார். விடாமல் நச்சரித்தேன். கடைசியில், நவம்பர் ஒன்றிலிருந்து ஒரு மாதம் கேட்காமல் இருந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். ஆயிரம் ஸ்டிக்கர்களை என் செலவில் அச்சடித்தேன். இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்துத்தான் கொடுத்தேன். அக்டோபர் முதல் வாரமே ஒட்டத் தொடங்கினார்.

அந்த அக்டோபர் 28 காலையில், உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தாள். முன்பு மகனை அனுப்பி வாங்கிய பிரஷர் மாத்திரை பாதி மிச்சம் இருப்பதாகச் சொன்னாள்.

"ஏளா, எப்படி மிச்சம் வரும்? எப்பம் போடுத, சொல்லு" என்றார் அந்த அம்மா.

"அங்கன ஒட்டிருக்குல்லா, ரெண்டு வேலன்னு. உப்பு வாருதது ஒரு வேல, சொமக்குதது ஒரு வேல. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு போட்டேன். இப்பம் மழ, பாத்தியில வேலயே கிடையாது. மாத்திரையும் கிடையாது."

பெஞ்சில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவள் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார்: நூற்றெழுபதுக்கு மேல். இருமல் மருந்தை எடுக்கவில்லை; டாக்டரிடம் உடனே போகச் சொல்லி ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டு, ஒரு ஸ்டிக்கரை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். வேளை என்று இருக்கவேண்டிய இடத்தில் வேலை.

"என்ன வே, ஹார்பர்ல கப்பல் கப்பலா எண்ணுன கண்ணுக்கு ஒரு எழுத்து சிக்கலியா?" என்றார் பெஞ்சில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர்.

"அண்ணாச்சி, கேள்விக்கு எத்தன நொடின்னிய?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஐம்பத்திரண்டு."

"இன்னைக்கு?"

கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆறு நொடி. அப்போதுதான் அந்த அம்மா சிரித்தார். முகம் பூராவும் சிரிப்பு. எனக்கும் அடக்க முடியவில்லை. எல்லோருக்கும் டீ சொன்னேன்.

முந்நூற்றுப் பதினெட்டு ஸ்டிக்கர்கள் வெளியே போயிருந்தன. ளகரம் போட்டு வேறு ஆயிரம் அச்சடிக்கக் கொடுத்தேன். ஒரு பேனா வாங்கிக்கொண்டு மறுநாள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பழைய கவரையெல்லாம் வாங்கித் திருத்தினேன், கையோடு "எப்பம் போடுதிய?" என்றும் கேட்டேன். நான்காம் நாள்தான் கவனித்தேன்: காத்திருக்கிறவர்கள் பெஞ்சிலேயே பதில் சொல்லிவிடுவதால் மேசையில் அந்த அம்மாவுக்கு வேலை குறைந்து, வரிசையும் ஐந்தாகியிருந்தது. கேள்வியை எடுக்கவேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். என் கணக்கில் இல்லாத விடை அது. எதிர்க்கடைக்குப் போனவர்களில் எட்டுப் பேர் திரும்பினார்கள். உப்பளப் பெண்ணும் வந்தாள், அழுத்தம் நூற்று முப்பத்தாறு. "வேல அண்ணாச்சி, மழையிலயும் போடுதேன்" என்றாள். அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது.

அந்த அம்மா போன வருடம் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டுக்கே போய்விட்டார். இப்போது கடையில் இருக்கும் மருந்தாளுநரிடமும் கேள்வியை ஒப்படைத்துத்தான் போனார். பெஞ்சில் நான் கேட்கிறேன், என்னிடம் கேட்க ஆளில்லை என்பதால், ஞாயிறுதோறும் அந்த அம்மாவிடமிருந்து போன் வருகிறது: "அண்ணாச்சி, நீங்க எப்பம் போடுதிய?" பதில் சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும் பக்கத்தைத் திறந்து ஒரு கோடு போடுவேன். அதற்கு மேலேயே செலவும் எழுதியிருக்கிறது: லகர ஸ்டிக்கர் 450, ளகர ஸ்டிக்கர் 450, பேனா 10, எட்டு டீ 96. ஆக மொத்தம் ஆயிரத்து ஆறு ரூபாய்.