கத்திரியின் இரண்டு நிமிடப் பிரசங்கங்கள்

“இருங்க, இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க” என்று சொல்லிக் கத்திரி மௌஸை உருட்டத் தொடங்கிவிட்டார் என்றால் அவ்வளவுதான், எதிரில் நிற்பவர் அடுத்த பஸ்ஸை மறந்துவிட வேண்டும். இன்று மாட்டிக்கொண்டவள் கல்யாண வீடியோவை வாங்க வந்த புதுப்பெண். தனிக்குடித்தனம் போவதைப் பற்றிப் புருஷனோடு லேசாக முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தாள். அது போதும் இவருக்கு. திரையில் ஒரு பாஸ்டர் தோன்றுகிறார். மனைவி கணவனுக்குப் பணிந்து நடக்க வேண்டும் என்று கை நீட்டிப் பேசுகிறார். சட்டென்று அங்கேயே நின்றுவிடுகிறது.

“பாத்தீங்களா? நான் சொல்லலை. அவர் சொல்றார்.”

“நாங்க சர்ச்சுக்குப் போறவங்க இல்லையே சார்” என்கிறாள் அந்தப் பெண்.

“அதனால என்னம்மா? உங்க ஐயரும் இதையேதான் சொல்லியிருக்கார். போடவா?”

அவள் பென் டிரைவை வாங்கிக்கொண்டு ஓடியே போய்விட்டாள். புருஷன் மட்டும் வாசலில் நின்று, அந்தப் பாஸ்டர் வீடியோவைத் தன் ஃபோனுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

கத்திரி என்பது நாங்கள் வைத்த பெயர். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது தொழில். ஜன்னல் இல்லாத ஓர் அறை, இரண்டு திரைகள், ஒரு கறுப்புத் திரைச்சீலை, விசைப்பலகைக்கு அடியில் எப்போதும் பிஸ்கட் தூள். பக்கத்து நாற்காலியில் நான். ஆல்பம் செய்பவள். மணப்பெண்ணின் பருவையும் மாமனாரின் தொப்பையையும் குறைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அந்த அறையில் வேறு யாருக்கும் இடம் கிடையாது என்பதால் அவருடைய பிரசங்கம் முழுவதும் முதலில் என் காதில்தான் விழும்.

ஊரில் யார் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும், எந்த மதத்துக் கல்யாணமாக இருந்தாலும், வீடியோ இந்த அறைக்குத்தான் வந்து சேரும். புரோகிதர், பாதிரியார், பாஸ்டர், மௌலவி, புத்த பிட்சு என்று எல்லோரும் மணமக்களுக்குச் சொல்லும் புத்திமதியை இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டு, அதில் தனக்குப் பிடித்த துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். கோயில், சர்ச், பள்ளிவாசல், விகாரை என்று தனித்தனிப் பெட்டிகள். “எனக்கு மத வித்தியாசமே கிடையாதும்மா” என்பார் பெருமையாக. உண்மைதான். எந்த மதத்தில் எது கூடாது என்று சொல்லியிருந்தாலும், அதை வஞ்சனை இல்லாமல் எல்லோருக்கும் பரிமாறுவார். விவாகரத்து கூடாது என்பதைப் பாதிரியாரிடம் எடுத்துக்கொள்வார். அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருக்கக் கூடாது என்பதை மௌலவியிடம் எடுத்துக்கொள்வார். இப்படி எல்லா மதத்தையும் சேர்த்து அவர் கட்டியிருக்கும் சட்டத்தின்படி பார்த்தால், உலகத்தில் ஒரு பெண் மூச்சு விடுவதற்கே முன்அனுமதி வாங்க வேண்டும்.

ஒரு நாள் எங்கள் கேமராமேன் என்னை வண்டியில் வீட்டில் விட்டுவிட்டுப் போனதைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை நான் கைப்பையைக் கூட வைக்கவில்லை, மௌலவி திரையில் வந்துவிட்டார்.

“அண்ணே, கதவைச் சாத்திக்கிட்டு நாள் முழுக்க நீங்களும் நானும் இந்த ரூம்ல உக்காந்திருக்கோம். அது?”

“இது ஆபீஸ்மா.”

“மௌலவி ஆபீஸுக்கு விலக்குக் கொடுத்தாரா?”

அன்று முழுவதும் கதவை அகலத் திறந்து வைத்திருந்தார். ஏசி கெட்டுப்போய், முதலாளி வந்து கத்திய பிறகுதான் சாத்தினார். என் மேல்தான் கோபம், முதலாளிக்கும் அவருக்கும்.

இந்தப் பிரசங்கங்களில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது. அவர் காய்ச்சலில் படுத்த ஒரு வாரம், பாதியில் நின்ற வேலையை என் தலையில் கட்டினார்கள். அப்போதுதான் வெட்டாத வீடியோக்களை முதன்முறையாக முழுவதும் கேட்டேன். பெண்கள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று மௌலவி சொன்னது நிஜம். ஆனால் அதற்கு முன்னால் ஆண்களைப் பார்த்துத்தான் அதைச் சொல்லியிருக்கிறார், விரலை ஆட்டி, இன்னும் கடுமையாக. மனைவி பணிய வேண்டும் என்ற பாஸ்டர், அடுத்த மூச்சிலேயே, உன் உயிரைக் கொடுத்தாவது அவளை நேசி என்று மாப்பிள்ளையை ஒரு பிடி பிடித்திருக்கிறார். மனைவியின் கடமைகளைச் சொன்ன பிட்சு, முதலில் கணவனின் கடமைகளைத்தான் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். மரியாதை கொடு, துரோகம் செய்யாதே, வீட்டு அதிகாரத்தை அவள் கையில் கொடு என்று. எல்லா மதத்திலும் ஆணுக்குச் சொன்ன பாதி, இந்த அறையின் தரையில் வெட்டுண்டு விழுந்து கிடந்தது.

காய்ச்சல் தேறி வந்ததும் கேட்டேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை.

“லென்த்மா. ரெண்டு நிமிஷத்துக்கு மேல பிரசங்கம் போனா எவனும் பாக்க மாட்டான்.”

“அதுக்கு எப்பவும் ஆம்பளை பாதியைத்தான் வெட்டணுமா?”

“மாப்பிள்ளை முகம் ஃபிரேம்ல நிக்காதும்மா. மூக்கைச் சொறிவான், கொட்டாவி விடுவான், வாட்ச்சைப் பாப்பான். பொண்ணு அழகாக் குனிஞ்சு உக்காந்திருக்கும். எதை வைப்பே நீ?”

அதில் சதி எதுவும் இல்லை என்பதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. பெண்களை அடக்க வேண்டும் என்று திட்டம் போட்டு உட்கார்ந்த மனிதராக இருந்தால் சண்டையாவது போடலாம். இவர் பார்க்க நன்றாக இருப்பதை வைத்தார், மற்றதை வெட்டினார், பிறகு தான் வெட்டியதையே வேதம் என்று நம்பத் தொடங்கிவிட்டார்.

இதெல்லாம் மற்றவர் வீட்டுக் கதையாக இருந்தவரை தலையில் அடித்துக்கொண்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அவருக்கு ஒரு தங்கை உண்டு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பவள். வலிக்கவே வலிக்காது என்று அவளிடம் மட்டும் கை நீட்டுகிறவர்கள் உண்டு. புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான், விவாகரத்தும் ஆகிவிட்டது. எட்டு வருடமாக அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அதே கட்டடத்தில் எக்ஸ்ரே எடுப்பவர் ஒருவர், மனைவியை இழந்தவர், வேறு மதம், இவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். இவளுக்கும் விருப்பம். விவாகரத்து ஆனவள் என்பதால் அவருடைய சர்ச்சில் நடத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ரெஜிஸ்டர் ஆபீசில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தார்கள். ஆனால் இவள் ஒரே பிடிவாதம். “அண்ணன் வந்து பக்கத்துல நிக்கணும். இல்லேன்னா அன்னிக்கே போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுவேன்.”

இந்த அண்ணனுக்கு அப்படி ஒரு தங்கை. இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து நாலு கேள்வி கேட்கலாம் போலிருந்தது எனக்கு.

கத்திரி வாய் திறந்து முடியாது என்று சொல்லவில்லை. அது அவர் பழக்கமும் இல்லை. தினம் ஒரு துண்டாகத் தங்கையின் ஃபோனுக்கு அனுப்பினார். முதலில் புரோகிதர், பிறகு பாதிரியார், அப்புறம் மௌலவி, கடைசியில் பிட்சு. “ஒரு மதமும் ஒத்துக்கலைம்மா, நான் என்ன செய்ய?” என்று என்னிடம் கையை விரித்தார்.

“ஏன் அண்ணே, போன மாசம் பள்ளிவாசல்ல ஒரு விதவைக்குக் கல்யாணம் ஆச்சே, நீங்கதானே எடிட் பண்ணீங்க? மௌலவி எவ்வளவு சந்தோஷமா வாழ்த்தினார்.”

“அது அவங்க வழக்கம்மா. நமக்கு ஒத்துவராது.”

கூடாது என்றால் எல்லா மதமும் நம்முடையது. கூடும் என்றால் மட்டும் அது அவர்களுடையது. இந்த மனிதரோடு பேசிப் பேசி என் ரத்தக் கொதிப்புதான் ஏறியது.

அந்த வாரம் புதன்கிழமை மதியம், வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் தங்கை நேராக எங்கள் அறைக்கு வந்துவிட்டாள். நின்றபடியே பேசினாள்.

“அண்ணா, நீ அனுப்பினது எல்லாத்தையும் கேட்டேன். எல்லாரும் பொம்பளைக்கே சொல்றாங்க. ஆம்பளைக்கு யாரும் எதுவும் சொல்லலையா?”

அவர் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் வாயைக் கட்ட முடியவில்லை. “சொல்லியிருக்காங்க. உங்க அண்ணன் வெட்டிட்டார்” என்றேன்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். “என் கல்யாணத்துலயுமா?”

அவள் கல்யாண வீடியோவையும் வெட்டி ஒட்டியவர் இவர்தான். வெட்டாதது எங்கே இருக்கிறதோ, பழைய டிஸ்க், ஓடாது, வயர் இல்லை என்று என்னென்னவோ சொன்னார். மேஜையின் முதல் இழுப்பறையிலேயே இருந்தது. வயரும் அதிலேயே சுற்றி இருந்தது.

வெட்டாத வீடியோ ஓடியது. புரோகிதர் நல்ல மனிதர், மந்திரத்தைச் சொல்லிவிட்டு எல்லோருக்கும் புரியும்படி விளக்குகிறார். அறத்திலும் பொருளிலும் இன்பத்திலும் இவளை மீறி நடக்க மாட்டேன் என்று மாப்பிள்ளை சத்தியம் செய்ய வேண்டும், மூன்று முறை. முதல் முறை மாப்பிள்ளை சொன்னான். இரண்டாம் முறை பாதி சொன்னான். மூன்றாம் முறை, பின்னால் நின்ற நண்பன் என்னவோ சைகை காட்ட, திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். புரோகிதர் ஒரு கணம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவனுக்காகத் தானே சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டார்.

“இந்த இடத்துல நீ என் முகத்தைத்தான் வெச்சிருந்தே” என்றாள் தங்கை. “புல்லாங்குழல் வேற போட்டிருந்தே.”

“நல்லா இருக்கட்டுமேன்னுதான்...”

“நான் குனிஞ்சிருந்தேன் அண்ணா. அவர் சொல்லிட்டார்னு நெனச்சேன். அவர் போனதுல இருந்து, நான்தான் எதையோ சரியாச் செய்யலைன்னு யோசிச்சுட்டே இருக்கேன். அவர் சொல்லவே இல்லைன்னு உனக்கு அப்பவே தெரியும்.”

அதற்கு இந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? “எல்லா மாப்பிள்ளையும் அப்படித்தாம்மா. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.”

மௌஸைத் தூக்கி எறியலாமா என்று யோசித்தேன். அவள் எதுவும் எறியவில்லை. “வெள்ளிக்கிழமை பதினோரு மணி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை கூரியர் கொண்டுவந்தவருக்கு ஏதோ குடும்பச் சண்டை. கத்திரி அவரை நிறுத்தி வைத்து பிட்சுவைப் போட்டுக் காட்டினார். வழக்கமான துண்டுதான். திருந்துகிற ஜென்மம் இல்லை என்று நான் என் ஆல்பத்துக்குத் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீசில் நான் சாட்சி. எக்ஸ்ரேக்காரர் புதுச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார். மூச்சை இழுத்துப் பிடிங்க என்று நாள் முழுவதும் ஊருக்குச் சொல்கிறவர், தானே மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். தங்கை வாசலைப் பார்ப்பதும் கையிலிருந்த கைக்குட்டையை மடிப்பதுமாக இருந்தாள். பதினோரு மணி தாண்டிவிட்டது. அதிகாரி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். அவள் எழுந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் எழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கையைப் பிடித்து உட்கார வைக்கலாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது, தோளில் பையோடு கத்திரி வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தார்.

“நான் சம்மதிச்சேன்னு யாரும் நெனச்சுக்க வேண்டாம்” என்றார், யாரையும் பார்க்காமல், கேமராவை வெளியே எடுத்துக்கொண்டே. “வெளியாளை வெச்சா கண்டபடி எடுத்து வெப்பான். அதான்.”

இதற்கும் ஒரு சாக்கு. ஆனால் தங்கைக்கு அது போதுமாக இருந்தது. கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி உறுதிமொழியைப் படித்தார். மாப்பிள்ளை அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேக்காரர் எழுந்து நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. “பொண்ணை எடுங்க, அழுதுட்டு இருக்காங்க பாருங்க, நல்லா வரும்” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

“ஒரு நிமிஷம் சார்” என்றார் கத்திரி. அதிகாரி எரிச்சலோடு பேனாவை வைத்தார். கத்திரி சட்டைப் பையிலிருந்து பொத்தான் அளவு மைக் ஒன்றை எடுத்து, எக்ஸ்ரேக்காரரின் காலரில் செருகி, இழுத்துப் பார்த்து, நேராக்கினார். பிறகு கேமராவை அவர் முகத்துக்கு அருகில் நிறுத்திக்கொண்டு சொன்னார்.

“இப்பச் சொல்லுங்க மாப்பிள்ளை. முதல்ல இருந்து.”