ஒட்டிவைத்த தீபாவளி

டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அது என் படிப்புக்காக என்றுதான் அப்பா எல்லோரிடமும் சொன்னார். மத்திய சர்க்காரில் அதிகாரி அவர். தக்க காரணம் இல்லாமல் வீட்டுக்கு ஒரு வாளிகூட வாங்கமாட்டார். ஆனால் அந்தப் பெட்டிக்குள் படிப்பு எங்கே இருந்தது என்று நான் தேடிப் பார்த்ததில்லை. நேரு பிளேஸ் நடைபாதையில் துணி விரித்து விற்கும் சிடிகளில் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். அதில் புகைப்படங்களைத் திருத்துகிற மென்பொருளும், அதோடு சேர்ந்து வேலை செய்கிற பிளக்-இன்கள் ஒரு மூட்டையும் இருந்தன. ஒன்று முகத்தைப் பென்சிலால் வரைந்ததுபோல ஆக்கும். ஒன்று காலடியில் தண்ணீரை அலையடிக்க வைக்கும். ஒன்று எதன்மேலும் தீயைப் பற்றவைக்கும். இன்னொன்று நாம் சொன்ன இடத்தில் ஒரு சூரியனை உதிக்க வைக்கும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்தால் அம்மா தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறவரை எழமாட்டேன். பக்கத்து வீட்டு சர்தார் அங்கிளின் நாயைப் பனிமலையில் நிறுத்தினேன். அம்மாவின் கல்யாணப் படத்தைச் சுற்றித் தீ மூட்டினேன். "கல்யாணப் படத்துல கொள்ளிய வச்சிருக்கா பாருங்க, வெளங்குமா?" என்று அம்மா அப்பாவிடம் முறையிட்டாள். அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு இதெல்லாம் வேலையற்ற வேலை.

எனக்கு ஒரு சீடன் இருந்தான். சித்தப்பாவின் மகன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். சித்தப்பா வேலை தேடி டெல்லிக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தார். கல்யாணமாகி, மகன் பிறந்து, பள்ளிக்கூடம் போகிற வயது வந்தபிறகும் எல்லோரும் ஒரே வீட்டில்தான். அந்தப் பையனுக்கு எல்லாக் கருவிகளையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கை வராத பிள்ளை. ஓரங்களைக் கோழி கொத்தியதுபோல வெட்டுவான். தப்பு எங்கே தெரிகிறதோ அங்கே ஒரு சூரியனை வைத்து மறைத்துவிடுவான். சித்தப்பா கரோல் பாக்கில் சொந்தமாக ஒரு ஃப்ளாட் வாங்கிப் போனபோது, அந்த சிடியை நகலெடுத்து அவனுக்குக் கொடுத்தனுப்பினேன். குருதட்சிணை எதுவும் வரவில்லை.

சண்டை அந்த ஃப்ளாட்டின் கிரகப்பிரவேசத்தில்தான் வந்தது. மூத்தவர் என்று அப்பா முன்னால் நின்று பால் காய்ச்ச வேண்டும் என்பது பேச்சு. பாராளுமன்றக் கூட்டத்தொடர் நேரம். முந்தின நாளே ஆபீசில் அப்பாவைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்; காலையிலும் விடவில்லை. நானும் அம்மாவும் மட்டும் முன்னால் போயிருந்தோம். முகூர்த்தம் தாண்டுகிறது என்று புரோகிதர் பரபரக்க, சித்தப்பா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துவிட்டு, கடைசியில் பற்றவைக்கச் சொன்னார். பால் பொங்கியது. எல்லோரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா படியேறி வந்தார். கையில் புது வெண்கலப் பானை. "பால் பொங்கியாச்சா?" என்று கேட்டார். "ஆச்சுண்ணே, நேரம்..." என்று சித்தப்பா தொடங்குவதற்குள் பானையை வாசலில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அடுப்பில் பொங்கிய பால் அன்றே அடங்கிவிட்டது. இவர்கள் இரண்டு பேருக்கும்தான் அடங்கவில்லை.

இந்த விஷயம் அம்பாசமுத்திரத்தில் இருந்த தாத்தாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்பதில் பிரிந்துபோன இரண்டு வீடுகளும் ஒற்றுமையாக இருந்தன. தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து, மனதை அலட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் இரண்டு குடும்பமும் சேர்ந்து நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்புவது வழக்கம். சண்டைக்கு அடுத்த தீபாவளியில் ஃபிலிம் ரோல் வீணாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்தார்கள். மறு வருஷம் தாத்தா விடவில்லை. அவர் போனில் பேசினால் ரிசீவர் வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே கேட்கும்.

"இந்தத் தடவை படம் வரலைன்னா நானே ரயிலேறி வந்து பாத்துக்கிடுதேன்."

அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு டெல்லிவரை ரயிலில். அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். "வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? கொழுந்தனாருக்கு ஒரு போன் போட்டு வான்னு சொன்னா வந்துருவாரு" என்றாள். "அவன் போடட்டும்" என்றார் அப்பா.

அன்று மாலை அப்பா முதல்முறையாக என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். ஆபீசில் கீழே வேலை பார்ப்பவரிடம் கேட்கிற குரலில், "ஏட்டி, இதுல ஒரு படத்துல இருக்க ஆளை இன்னொரு படத்துல கொண்டாந்து நிறுத்த முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும். எந்த ஆளை?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார். "ஒன் சித்தப்பனைத்தான்."

என் திறமைக்கு அதுவரை அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. தீபாவளியன்று காலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று படமெடுத்துக்கொண்டோம். எடுத்தவர் சர்தார் அங்கிள். என் யோசனைப்படி அப்பாவும் அம்மாவும் நானும் ஓர் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் மூன்று பேர் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தோம். அங்கிளுக்கு அது பொறுக்கவில்லை. "தோடா பாஸ் ஆவோ ஜி!" என்று நடுவே வரச்சொல்லிக் கையசைத்தார். "நஹீ ஜி, ஐஸே ஹி", இப்படியே இருக்கட்டும் என்றார் அப்பா. அங்கிள் காமிராவைக் கீழே வைத்துவிட்டு வந்து அப்பாவின் தோளைப் பிடித்து நடுவில் நகர்த்தினார். அவர் திரும்பிப் போனதும் அப்பா பழைய இடத்துக்கு நகர்ந்துகொண்டார். காலியான இடத்துக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்ற அப்பாவைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

சித்தப்பாவின் படத்துக்கு, சண்டைக்கு முந்தின தீபாவளிப் படத்தை எடுத்துக்கொண்டேன். அதே வாசல், வெளிச்சமும் ஏறத்தாழ அதேதான். இரண்டையும் சரோஜினி நகர் கடையில் ஸ்கேன் செய்து வாங்கி, சித்தப்பா, சித்தி, மகன் மூவரையும் கொத்தாக வெட்டினேன். முடியின் ஓரங்களை மெத்தென்று ஆக்கினேன். நிறத்தைச் சரிசெய்தேன். சித்தப்பாவின் காலரில் மஞ்சளாக ஒரு கறை தெரிந்தது. புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவி உடுத்துவது வழக்கம்தான். எனக்கும் அம்மா வருஷா வருஷம் வைப்பாள். ஆனாலும் படத்தில் அது அழுக்குப்போல இருந்தது. சுத்தமாக எடுத்துவிட்டேன். காலில் நிழல்கூடப் போட்டேன். அந்த மென்பொருளை உருவாக்கியவர்களே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று நம்பினேன்.

பிரிண்ட் போடுகிற கடைக்காரர் பார்த்தவுடன் கண்டுபிடித்தார். "பேட்டா, அங்கிள் கே தீன் ஹாத் க்யூன்?" என்று கேட்டார். அப்பாவுக்கு ஏன் மூன்று கை?

பழைய படத்தில் அப்பா சித்தப்பாவின் தோளில் கை போட்டு நின்றிருந்தார். சித்தப்பாவை வெட்டியபோது அப்பாவின் விரல்களும் தோளோடு வந்துவிட்டன. புதுப் படத்தின் அப்பா இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி பக்கத்தில் நிற்க, மூன்றாவது கை ஒன்று தம்பியின் தோளைப் பிடித்திருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து, சித்தப்பா சட்டையின் கட்டங்களை எடுத்து விரல்களின்மேல் ஒவ்வொன்றாக ஒட்டி மறைத்தேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி விரல் மறையும்போது, "அது இருந்தா என்ன?" என்றார். மூன்று கை இருந்தால் தாத்தா கண்டுபிடித்துவிடுவார் என்று நான் விளக்கினேன். அது அவருக்கே தெரியாதா என்ன என்று எனக்குத் தோன்றவில்லை.

படம் ஊருக்குப் போனது. சில நாள் கழித்து தாத்தாவின் போன் வந்தது.

"ரெண்டு படமும் வந்து சேந்துச்சு."

"ரெண்டா?" என்றார் அப்பா.

"ஆமா. ஒன் வீட்டு வாசல்ல எடுத்தது ஒண்ணு. சின்னவன் வீட்டுக்குள்ள எடுத்தது ஒண்ணு. ஒரே நாள்ல ரெண்டு வீட்லயும் கொண்டாடிருக்கீக. நல்லது."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கரோல் பாக்கிலும் ஒரு கம்ப்யூட்டர் இருப்பதும், அதில் நான் கொடுத்த அதே சிடி இருப்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய தீபாவளிப் படத்தின் ஒரு பிரதி அங்கேயும் உண்டு. என் சீடன் அதிலிருந்து அப்பாவையும் எங்களையும் வெட்டியெடுத்து அவன் வீட்டில் நிறுத்தியிருக்கிறான்.

"சின்னவன் படத்துல ஒன் கையில என்னமோ பளபளன்னு எரியுதே, மத்தாப்பா? வீட்டுக்குள்ளயா கொளுத்துவாக?" என்றார் தாத்தா. நான் தலையில் அடித்துக்கொண்டேன். சித்தப்பாவின் தோளிலிருந்து அறுபட்ட அப்பாவின் கை அந்தரத்தில் நின்றிருக்கும். அங்கே ஒரு சூரியனை வைத்திருக்கிறான், வேறென்ன.

தாத்தா அதோடு விடவில்லை: "ஏன்டே, தீபாவளிக்குத் துணி எடுக்க முடியாத அளவுக்கா கஷ்டப்படுதீக? ஒன் வீட்டுப் படத்துல அவன் பழைய சட்டையில நிக்கான். அவன் வீட்டுப் படத்துல நீ பழைய சட்டையில நிக்க. அவன் காலர்ல இருந்த மஞ்சளைக்கூடக் காணோம். செவத்துல பழைய படம் தொங்குது, அதுக்கு ரெண்டு பக்கமும் மாட்டிருக்கேன். தெனமும் பாக்குதேன்."

மூன்றாவது பிரதி தாத்தாவின் சுவரில் இருக்கிறது என்பதை இத்தனை மூளைகளில் ஒன்றுகூட யோசிக்கவில்லை. தாத்தாவுக்கு நெஞ்சு வலிக்கவில்லை. உரக்கச் சிரித்துவிட்டு வைத்தார். அப்பா ரிசீவரை வைக்காமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், "அவன் என்னை எப்படி வெட்டி ஒட்டிருக்கான்னு பாக்கணும்" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டார். நாங்கள் மூவரும் கரோல் பாக்குக்கு பஸ் ஏறினோம். கதவைத் திறந்த சித்தப்பா, "வாங்கண்ணே" என்று வழிவிட்டு ஒதுங்கினார். "வாங்க அத்தான்" என்று சித்தி அப்பாவைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே ஓடிப் பால் வைத்தாள். பால் வைத்திருந்தது அப்பா வாசலில் விட்டுப்போன அந்த வெண்கலப் பானையில்.

நான் நேரே கம்ப்யூட்டருக்குப் போனேன். எதிர்பார்த்ததைவிட மோசம். அப்பா கோழி கொத்திய ஓரங்களோடு, கையில் சூரியனைப் பிடித்தபடி, டியூப்லைட்டுக்கு அடியில் நின்றிருந்தார். ஒவ்வொரு குறையாக விரல் வைத்துச் சொன்னேன். என்னை அக்கா என்னாமல் தீதி என்றே கூப்பிடுகிற சித்தப்பாவின் மகன் வெட்கப்பட்டுக்கொண்டு, "தீதி, இது ஜல்தி ஜல்தில அவசரமா பண்ணது. இன்னொண்ணு இருக்கு, அது அச்சா வந்திருக்கு" என்று வேறொரு படத்தைத் திறந்தான்.

அது கிரகப்பிரவேசப் படம். அடுப்பில் பால் விளிம்புவரை பொங்கி நின்றது. சித்தியும் சித்தப்பாவும் பக்கத்தில் ஒதுங்கி நிற்க, எல்லோருக்கும் முன்னால், அடுப்புக்கு நேரே அப்பா நின்றார். கை சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது. சூரியன் எங்கேயும் இல்லை.

"இதுல எஃபெக்ட் எதுவும் போடக்கூடாதுன்னு பப்பா சொல்லிட்டாங்க" என்றான்.

அதற்குள் அப்பாவும் சித்தப்பாவும் எங்களுக்குப் பின்னால் வந்திருந்தார்கள். அப்பா கையில் பால் டம்ளர். "இது எப்பம்டே பண்ணினது?" என்று கேட்டார்.

"போன வருஷம், பெரியப்பா. சம்மர் லீவுல."

சித்தப்பா கீழே குனிந்து பிளக்கில் எதையோ சரிபார்த்தார். அதில் சரிபார்க்க ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு நிழல் போடவில்லை, அடுப்பின் வெளிச்சம் முகத்தில் விழவில்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அந்த அரைகுறை வேலையை இரண்டு பெரிய மனிதர்கள் அவ்வளவு நேரம் பார்த்ததும், "நல்லா இருக்கு" என்று அப்பா சொன்னதும் எனக்குத் தாங்கவில்லை. அழுகைகூட வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன்: போன வருஷம் தாத்தா படமே கேட்கவில்லையே, ஃபிலிம் ரோல் வீணாகிவிட்டது என்றதும் சும்மா இருந்துவிட்டாரே, பிறகு யாருக்கு அனுப்ப அதைச் செய்யச் சொன்னார் சித்தப்பா? யாருக்கும் அனுப்பாமல் கம்ப்யூட்டரிலேயே ஒரு படத்தை எதற்கு வைத்திருக்க வேண்டும்?

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே, "ஒன் வேலைதான்டி சுத்தம்" என்றார்.

நான் காதால் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான் என்று எண்ணிக்கொண்டு, வீடு வரும்வரை சந்தோஷமாக இருந்தேன்.